ஐயாயிரத்து ஒன்று

ஏற்காடு ஏரிக்கு எதிரில் மிளகும் காப்பித்தூளும் சிப்ஸும் விற்கும் காமாட்சிக்கு ஐம்பத்திரண்டு வயது. சேலத்தில் பிறந்து, இருபத்திரண்டில் ராஜேந்திரனைக் கட்டிக்கொண்டு மலையேறியவள். இந்த முப்பது வருசத்தில் லட்சம் பேராவது அவள் கடைக்கு வந்து போயிருப்பார்கள். ஒருவர் முகமும் நினைவில்லை. வந்தார்கள், வாங்கினார்கள், பஸ் ஏறினார்கள். அதில் அவளுக்கு வருத்தமும் இருந்ததில்லை.

போன வருசம் சிப்ஸ் கம்பெனிக்காரர்கள், அதிகம் விற்ற கடைக்காரர்களுக்கு ஜோடியாகக் கப்பல் பயணம் என்று அறிவித்தார்கள். கோடைக்கூட்டம் ஏரிக்கரையில் சிப்ஸ் தின்கிற வேகத்துக்குப் பரிசு வேறு யாருக்குப் போகும்? சென்னையில் ஏறி, இலங்கையில் அம்பாந்தோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்புவது. மொத்தம் ஐந்து நாள்.

இருபது கொண்டை ஊசி வளைவிலும் பஸ்ஸின் கடைசி சீட்டில் வேர்க்கடலை கொறித்துக்கொண்டு வருகிறவள், வளைவே இல்லாத கடலில் முதல் நாளே படுத்துவிட்டாள். ராஜேந்திரனோ மேல்தளத்தில் ஐந்தாவது தடவையாக ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நின்றார். அறை சுத்தம் செய்ய வந்த ஃபெபிதான் இஞ்சி தட்டிப்போட்ட டீ கொண்டுவந்தாள், தலையைப் பிடித்துக்கொண்டாள், வாந்தியை முகம் சுளிக்காமல் துடைத்தாள். திருகோணமலைப் பெண். அடுத்த மாதம் லீவில் ஊருக்குப் போனதும் கல்யாணம் என்று சொல்லும்போது அவள் முகமே மலர்ந்துபோனது.

தலை நிமிர்ந்ததும் காமாட்சி எடுத்த முதல் முடிவு, இந்தப் பெண்ணுக்கு மொய் வைப்பது. ஐயாயிரத்து ஒன்று, அதுவும் அவள் ஊர்ப் பணத்தில்.

கப்பலில் பணம் மாற்றும் கவுன்டரில் ஐயாயிரம் ரூபாய்க்கு ஒரே நோட்டும், கைச்செலவுக்கு நூறு ரூபாய் நோட்டுகள் சிலவும் கொடுத்தார்கள். ஒற்றை ரூபாய் கேட்டதற்கு, சில்லறை நாணயம் மாற்றுவதில்லை, வேண்டுமானால் இன்னொரு நூறு சேர்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நம்ம ஊர் ஒரு ரூபாயைப் போட்டால் போயிற்று என்றார் ராஜேந்திரன்.

"ஏனுங்க, செல்லாக் காசையா மொய்க்கு வெப்பாங்க? மொட்டையா ஐயாயிரங் குடுத்தா அது டிப்ஸுங்க. அந்த ஒத்த ரூபா இருந்தாத்தான் மொய்" என்றாள் காமாட்சி.

பயணிகள் தரும் டிப்ஸை ஊழியர்கள் பொதுப்பெட்டியில் போட்டுவிட வேண்டும் என்று அறையிலேயே எழுதி ஒட்டியிருந்தது. அவளுக்கு உறுத்தியது பெட்டிகூட இல்லை. தன் வாந்தியைத் துடைத்த கைக்குக் கூலி கொடுத்துவிட்டு, இறங்கிப் போகிற ஆயிரம் பேரில் ஒருத்தியாகத் தானும் போவதை நினைத்தாலே ஆறவில்லை.

அம்பாந்தோட்டையில் மற்றவர்கள் யானை பார்க்கப் போனார்கள். காமாட்சி கணவரை இழுத்துக்கொண்டு கடைகடையாக ஏறினாள். ஒரு ரூபாய்க் காசை அங்கே யாரும் இப்போது சட்டை செய்வதில்லை போலிருந்தது. நாலாவது கடையில் சோப்பு வாங்கியபோது, மீதிச் சில்லறைக்குப் பதில் கடைக்கார அம்மாள் ஒரு மிட்டாயை நீட்டினாள். காமாட்சிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். முப்பது வருசமாக மிட்டாய் கொடுத்தே சில்லறைப் பஞ்சத்தைச் சமாளித்தவள் தானும்தான் என்பது அந்த நேரத்தில் உதிக்கவில்லை.

உதித்தது வேறொன்று. கடைக்காரி மனசு கடைக்காரிக்குத் தெரியாதா? யாரும் வாங்காத காசைத் தூக்கியெறிய மனம் வராமல் எந்தக் கடையிலும் ஏதாவதொரு டப்பாவில் போட்டுவைத்திருப்பார்கள். கல்லாவுக்குப் பின்னால் பழைய பால்மாவு டப்பா ஒன்று தெரிந்தது. அதைக் காட்டி ஒற்றை விரலை நீட்டினாள். சிங்களம் மட்டுமே தெரிந்த அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே டப்பாவைக் கவிழ்த்துத் துழாவி ஒரு ரூபாய்க் காசை எடுத்து வைத்தாள். காமாட்சி மிட்டாயைத் திருப்பி வைத்துவிட்டுக் காசை எடுத்துக்கொண்டாள். அதைவிட நேர்மையான நாணய மாற்று எந்த பாங்கிலும் நடந்திருக்காது.

கடைசி நாள் காலை, கல்யாண மொய் என்று சொல்லி ஃபெபியின் கையில் உறையைக் கொடுத்தாள். அறை வாசலில் மேற்பார்வையாளர் டிப்ஸ் பெட்டியோடு நின்றிருந்தார். ஃபெபி உறையைப் பிரித்தாள், ஒரு கணம் தயங்கினாள், பிறகு அந்த ஐயாயிரம் ரூபாய் நோட்டைப் பெட்டியில் போட்டுவிட்டாள். போயிற்று என்று நினைத்தாள் காமாட்சி. இத்தனை அலைச்சலும் பாழ்.

ஃபெபி காசை மட்டும் உள்ளங்கையில் வைத்து இறுக மூடிக்கொண்டாள்.

"இதைப் போட மாட்டன், அன்ரி. இது எனக்கு வந்த மொய்."

சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பேனாவை எடுத்து, பத்திரிகை அனுப்ப விலாசம் கேட்டாள். மொய் வைத்த பிறகு பத்திரிகை வைக்கிற கல்யாணத்தை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார் ராஜேந்திரன். காமாட்சி அதைக் காதில் வாங்கவில்லை.

"எழுதிக்க, கண்ணு" என்று ஆரம்பித்தாள். பேரை மட்டும் இரண்டு தடவை சொன்னாள். கடை, ஏரி, ஏற்காடு என்று மீதியெல்லாம் ராஜேந்திரன்தான் சொல்லி முடித்தார்.