செக்போஸ்ட்டின் முதுகு

வீடு மாற்றுகிறவர்களுக்குப் பீரோவும் ஃப்ரிட்ஜும் தூக்கிக் கொடுப்பது அவர் பிழைப்பு. கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர் செக்போஸ்ட். எதையும் நிறுத்திச் சோதிக்காமல் விட மாட்டார். யாராவது மணி சொன்னால் இன்னொருவரிடமும் கேட்டுக்கொள்வார். அப்பேர்ப்பட்டவர் ஒரே ஒருவரை நம்பித்தான் மாடிப்படியில் பின்பக்கமாக இறங்குவார், அது தங்கையின் புருஷன். பீரோவின் மேல்முனை மாப்பிள்ளை கையில், கீழ்முனை இவர் கையில்.

அந்த மாப்பிள்ளை இடுப்பு வலி என்று படுத்துவிட்டார். செக்போஸ்ட்டுக்கு உறுத்தியது. முந்தின வாரம்தான் ஒரு லாரிக்காரர் மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியதைப் பார்த்திருந்தார். அந்த லாரிக்காரரிடம் வேலைக்குத் தாவத்தான் இந்த நாடகம் என்று மனதுக்குள் முடிவே கட்டிவிட்டார்.

"எம்.ஆர்.ஐ. எடுக்கட்டும்மா. படத்துல இருந்தா நம்புறேன். இல்லேன்னா நான் வேற ஆளைப் பாத்துக்கிறேன்" என்றார் தங்கையிடம்.

"அவர் வாயால சொல்றது உனக்குப் பத்தாதாண்ணே?"

பத்தவில்லை. ஸ்கேன் எடுக்கிற இடத்துக்கும் கூடவே போனார். அங்கே காத்திருந்தவர்கள் எல்லோரும் எனக்கு டிஸ்க் தேய்ந்திருக்கிறது, உனக்கும் தேய்ந்திருக்கிறதா என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லோருக்கும் ஒரே பாட்டுத்தானா? இப்போது மெஷின் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது. வலியே இல்லாத தனக்கு எடுத்து அதையும் சோதித்துவிடுவது என்று, டாக்டரிடம் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகினார். டாக்டர் மறுபேச்சில்லாமல் ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்தார். பொய் எவ்வளவு சுலபமாக விலை போகிறது, மாப்பிள்ளைக்கும் இப்படித்தான் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டே குழாய்க்குள் படுத்தார். காதுக்குள் சுத்தியல் அடிப்பது போல் சத்தம்.

மறுநாள் டாக்டர் இரண்டு படங்களையும் வெளிச்சத்தில் மாட்டினார். எலும்புக்கு எலும்பு நடுவே டிஸ்க். ஈரம் இருந்தால் வெள்ளை, வற்றிப்போனால் கறுப்பு. மாப்பிள்ளையின் படத்தில் ஒரே ஒரு டிஸ்க்தான் லேசாக மங்கியிருந்தது.

"பாத்தீங்களா, அவருக்கு ஒண்ணுமே இல்ல" என்று செக்போஸ்ட் துள்ளினார்.

"வலி படத்துல விழாதுங்க. தேய்மானம்தான் விழும். படம் நல்லா இருந்தும் துடிக்கிறவங்க இருக்காங்க. தேஞ்சும் வலியே தெரியாதவங்களும் இருக்காங்க. உங்களுக்குத்தான் கீழ ரெண்டும் கறுத்துப்போச்சு, ஒண்ணு பிதுங்கியிருக்கு. வலியும் இருக்குன்னு சொல்றீங்க. இனிமே பாரம் தூக்காதீங்க."

செக்போஸ்ட் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "எனக்கு வலியே இல்லீங்க. சும்மா சொன்னேன்."

டாக்டர் சிரித்தார். "தூக்கக் கூடாதுன்னதும் நிறைய பேருக்கு வலி போயிடுது."

தங்கை வீட்டில் இன்னும் மோசம். அவள் படத்தை ஜன்னலில் பிடித்துப் பார்த்துக் கண் கலங்கினாள்.

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா. குனிஞ்சு காட்டவா?"

"இவ்வளவு நாளா வலிய மறைச்சுத் தூக்கியிருக்கே. படமே சொல்லுது. நீ சொல்றத எப்படிண்ணே நம்புறது?"

அவருக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. தூக்குகிற வேலையை விட்டால் அவருக்கு வேறெதுவும் தெரியாது. உடம்பில் இல்லாத வலியை இல்லை என்று எதைக் கொண்டு காட்டுவது?

சுவரைப் பார்த்து ஒருக்களித்துப் படுத்திருந்த மாப்பிள்ளை, பல்லைக் கடித்துக்கொண்டு மெல்ல இந்தப் பக்கம் திரும்பினார்.

"மச்சான் வலிக்கலைன்னா வலிக்கலைதான், விடு" என்றார் மனைவியிடம். "அவரே சொல்றாருல்ல."

செக்போஸ்ட்டுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.