சுவீடன் வண்டியும் நான் எழுதிய ரிப்போர்ட்டும்

“பிரேக்: நல்ல நிலை” என்று அந்த ரிப்போர்ட்டில் எழுதியது நான்தான். எழுதி நான்கு மாதம் கழித்து, அந்த வண்டியை வாங்கிய முருகேசன் அதே வண்டியை ஓட்டிப் போகும்போது விபத்தில் இறந்தார்.

பழைய கார்களை வாங்குபவர்களுக்காகப் பரிசோதித்துக் கொடுக்கும் இந்த வேலைக்கு யாங்கோனில் இப்போது நிறைய இளைஞர்கள் வருகிறார்கள். சிலர் என் அனுபவத்தை எழுதித் தரச் சொல்லிக் கேட்கிறார்கள். நான் சரியாகச் செய்த வேலைகளைச் சொன்னால் அவர்களுக்குப் பெரிய பயன் இருக்காது. அதனால் இதை எழுதுகிறேன்.

என்னைப் பற்றிக் கொஞ்சம். பெயர் மணி; இங்கே மரியாதைக்கு ‘ஊ’ சேர்த்து ஊ மணி என்பார்கள். தாமுவேயில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காக இருந்தேன். பிறகு பர்மிய மொழியில் வந்துகொண்டிருந்த ஒரு வாரப் பத்திரிகைக்கு டெஸ்ட் டிரைவ் கட்டுரை எழுதினேன். வண்டியை ஓட்டிப் பார்த்து, நல்லது கெட்டது சொல்லும் வேலை. பத்திரிகை நின்றபின் பரிசோதனை வேலைக்கு வந்தேன். இரண்டும் ஒரே வேலை என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

1. ரோசலின் டீச்சர் வீட்டு வாசல்

பள்ளிக்கூடம் திறப்பதற்கு நான்கு நாள் இருந்தது. முருகேசன் யாங்கோனின் மிங்கலா தாங்ஞுன்ட் பகுதியில் பெர்ரி ஓட்டுபவர். பள்ளிப் பிள்ளைகளை வீட்டில் ஏற்றிப் பள்ளியில் இறக்கும் வண்டிக்கு இங்கே பெர்ரி என்று பெயர். அவருடைய பழைய வேன் என்ஜின் போய் நின்றுவிட்டது. தின்கன்ஜூனில் டிக்கி வரைக்கும் கூரை நீளும் ஒரு சுவீடன் எஸ்டேட் கார் விலைக்கு வருகிறது, பார்த்துச் சொல்ல வேண்டும் என்று என்னை அழைத்துப் போனார்.

விற்பவர் ரோசலின் டீச்சர். ஓய்வுபெற்றவர், கணவர் இல்லை. பாங்காக்கில் இருக்கும் மகளோடு போய்விடத் தீர்மானித்திருந்தார். எண்பதுகளில் செய்த அந்த வண்டியை, ஊரைவிட்டுப் போன ஒரு வெளிநாட்டுக் குடும்பத்திடமிருந்து அவர் கணவர் வாங்கியிருந்தார்.

“இருக்கிறத இருக்கிறபடி சொல்லிடறேன் தம்பி. ஏஸி வேல செய்யாது. பத்து வருஷத்துக்கு முன்னால பின்பக்கம் ஏதோ லீக்குன்னு எங்க வீட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட விட்டுச் சரி பண்ணினார். அது என்ன லீக்குன்னு எனக்குத் தெரியாது,” என்றார் டீச்சர்.

பழைய வண்டி என்றால் ஆயில் லீக் சகஜம். அதைத்தான் சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். மேலே ஒரு கேள்வி கேட்கவில்லை.

2. ஓட்டிப் பார்த்தது

அந்த வண்டி எனக்குப் பிடித்துப்போனது. இதை மறைக்காமல் சொல்ல வேண்டும்.

பார்வைக்கு அது ஒரு பெட்டி. கூரை நேராகப் போய்ப் பின்னால் செங்குத்தாக இறங்கும். ஆனால் உள்ளே உட்கார்ந்தால் நான்கு மூலையும் கண்ணுக்குத் தெரியும். கண்ணாடிகள் பெரியவை, தூண்கள் ஒல்லி. சீட்டு நாற்காலி மாதிரி முதுகைத் தாங்கியது. இவ்வளவு நீள வண்டி, டீச்சர் வீட்டுக் குறுகிய தெருவில் ஒரே ஒடிப்பில் திரும்பியது. ஸ்டியரிங் கனம், பிக்கப் மந்தம், பெட்ரோல் நிறையக் குடிக்கும். பள்ளங்களில் மட்டும் அது கப்பல் மாதிரி அமைதியாக ஏறி இறங்கியது.

பின்சீட்டை மடக்கினால் ஒரு கட்டில் போடலாம். டிக்கித் தரையைத் தூக்கினால் பின்பக்கம் பார்த்தபடி இரண்டு சின்னப் பிள்ளைகள் உட்கார மடக்குச் சீட்டு ஒன்று இருந்தது. பெல்ட்டும் உண்டு. முருகேசன் அதை மூன்று தடவை மடக்கி விரித்துப் பார்த்தார்.

அவரை இழுத்தது இன்னொரு விஷயம். இந்த ஊரில் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம். ஆனால் ஓடும் கார்களில் பெரும்பாலானவை ஜப்பானிலிருந்து வந்த வலப்பக்க ஸ்டியரிங் வண்டிகள். முன்சீட்டுப் பிள்ளை இறங்கினால் நடுரோட்டில்தான் கால் வைக்கும். இந்த வண்டிக்கு ஸ்டியரிங் இடப்பக்கம்.

“எல்லாப் புள்ளைங்களும் பிளாட்பாரத்துப் பக்கம் இறங்கும் சயா. போன வருஷம் ஒரு பொண்ணு என் வேன்ல இருந்து இறங்கறப்ப சைக்கார்ல இடிபடப் பாத்துச்சு. அன்னிலேருந்து எனக்குத் தூக்கமில்ல,” என்றார் முருகேசன். வேலை தெரிந்தவரை இங்கே சயா என்றுதான் கூப்பிடுவார்கள். சைக்கார் என்பது பக்கவாட்டில் சீட்டு வைத்த சைக்கிள் ரிக்‌ஷா.

ஏழெட்டு இடத்தில் பிரேக்கை மிதித்தேன். பெடல் கல் மாதிரி நின்றது. வண்டி இழுக்காமல் நேராக நின்றது. பழைய வண்டிக்கு அவ்வளவு இறுக்கமான பெடல் வராது. அது என்னை யோசிக்க வைத்திருக்க வேண்டும். நான் அதையும் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

3. தூக்கிப் பார்க்காதது

அடுத்தது வண்டியை லிஃப்டில் ஏற்றி அடியைப் பார்ப்பது. தாமுவே ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுவந்தோம். மின்சாரம் இல்லை. ஜெனரேட்டருக்கு டீசல் கிடைக்காமல் ஓனர் வரிசையில் நிற்க ஆள் அனுப்பியிருந்தார். முதல் மழை பெய்து முற்றமெல்லாம் கணுக்கால் தண்ணீர்.

“நாளைக்குப் பாத்துக்கலாம் முருகேசன். மீ வந்ததும் தூக்கிடலாம்,” என்றேன். மின்சாரத்தை நாங்கள் மீ என்போம்.

“நாளைக்கு வரும்னு யார் சொன்னது? டீச்சருக்கு சனிக்கிழமை பிளைட்டு. திங்கக்கிழமை ஸ்கூல். வேற ஒருத்தரும் கேட்டுட்டிருக்கார். நீங்க ஓட்டிப் பாத்தீங்கல்ல, உங்களுக்கு என்ன தோணுது?”

“நல்ல வண்டி,” என்றேன்.

“அது போதும் சயா.”

ஈரத் தரையில் அட்டையைப் போட்டுப் படுத்து, டார்ச் அடித்து எட்டின வரைக்கும் பார்த்தேன். முன்பக்க சேஸிஸ் தெரிந்தது. பின் ஆக்சிலுக்கு மேலே எதுவும் தெரியவில்லை. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை எழுதினேன். அதில் பிரேக்குக்கு ஒரே ஒரு கட்டம். அதில் “நல்ல நிலை” என்று போட்டேன். டெஸ்ட் டிரைவ் கட்டுரை எழுதுகிறவனின் மனது அது. அன்று இரவே மூன்று பத்தி பாராட்டு எழுதி என் ஃபேஸ்புக் பக்கத்தில் போட்டேன். நிறையப் பேர் படித்தார்கள்.

4. பாலத்து இறக்கம்

செப்டம்பர் கடைசியில் ஒரு காலை. ரயில் பாதைக்கு மேலே போகும் பாலத்திலிருந்து முருகேசன் இறங்கிக்கொண்டிருந்தார். உள்ளே எட்டுப் பிள்ளைகள். பாதி இறக்கத்தில் பெடல் தரை வரைக்கும் போயிற்று. ஹாண்ட் பிரேக் பிடித்தார், அது போதவில்லை. முன்னால் ஒரு பஸ் நின்றுகொண்டிருந்தது. வலப்பக்கம் பஸ் ஏறக் காத்திருந்த கூட்டம். மிச்சமிருந்தது இடப்பக்கம்தான். நடுவில் இருந்த கான்கிரீட் தடுப்பில் தன் பக்கத்துக் கதவை உரசவிட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டே போயிருக்கிறார். தடுப்பு முடிகிற இடத்தில் ஒரு இரும்புக் கம்பம். அது அவர் கதவுக்குள் வந்துவிட்டது.

ஒரு பெண்பிள்ளைக்குக் கழுத்தெலும்பு முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. பின்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. முருகேசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே உயிர் போய்விட்டது.

எனக்குச் செய்தி சொன்னது ஒர்க்‌ஷாப் ஓனர். “நீ பாத்த வண்டிதானே அது?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

5. யார்டில்

வண்டியை, விபத்தில் சிக்கிய வண்டிகளை நிறுத்திவைக்கும் ஒரு யார்டில் போட்டிருந்தார்கள். காவலாளியிடம் சொல்லி உள்ளே போனேன். ஜாக்கி கொண்டுபோயிருந்தேன். பின்பக்கத்தைத் தூக்கி, கட்டை கொடுத்து, அடியில் போனேன்.

அந்த வண்டியின் பிரேக்குக்கு இரண்டு தனித்தனி லைன். ஒன்று போனாலும் மற்றது வண்டியை நிறுத்தும். குடும்பம் போகிற வண்டி என்று யோசித்துச் செய்த ஏற்பாடு. பின் ஆக்சிலுக்கு மேலே போகும் ஒரு லைனை யாரோ வெட்டி, நுனியைச் சுத்தியலால் நசுக்கி, பற்றவைத்து அடைத்திருந்தார்கள். டீச்சர் சொன்ன லீக் அதுதான். பெடல் கல் மாதிரி நின்றதும் அந்த அடைப்பால்தான். பைப் கிடைக்காத காலத்தில் எவனோ செய்த வேலை. பத்து வருஷம் வண்டி ஒரே லைனில் ஓடியிருக்கிறது. அந்த ஒன்றின் ரப்பர் ஹோஸ் இப்போது வெடித்திருந்தது.

லிஃப்டில் ஏற்றியிருந்தால் அரை நிமிஷத்தில் கண்ணில் பட்டிருக்கும்.

அங்கேயே ரொம்ப நேரம் படுத்திருந்தேன். காவலாளி வந்து காலைத் தட்டி, “ஊ மணி, உடம்புக்கு முடியலையா?” என்று பர்மியில் கேட்டார்.

6. சாந்தி

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் முருகேசன் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி சாந்தி கதவைத் திறந்தார். நான் நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். நசுக்கின பைப், லிஃப்டில் ஏற்றாதது, நான் எழுதின வார்த்தை.

கேட்டுவிட்டு, “இத எதுக்கு இப்ப எங்கிட்ட சொல்றீங்க?” என்றார்.

“உங்களுக்குத் தெரியணும்மா.”

“தெரிஞ்சு நான் என்ன செய்ய?”

பிறகு அவரே கேட்டார். “அவர் அவசரப்படுத்தினாரா? எப்பவும் அவசரந்தான் அவருக்கு.”

ஆமாம் என்று சொன்னால் பாரத்தில் பாதியை முருகேசன்மேல் இறக்கிவிடலாம் என்று அந்த நிமிஷத்தில் எனக்குத் தோன்றியது. அதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

“அவசரப்படுத்தினார். ஆனா எழுதினது நான்.”

“எல்லாரும் அவர் புள்ளைங்களக் காப்பாத்தினார்னு சொல்றாங்க. அவர் அப்படியெல்லாம் ஆள் கிடையாது அண்ணே. வீட்ல கரப்பான் பூச்சிக்குக்கூட என்னத்தான் கூப்பிடுவார். அவர அந்த எடத்துல கொண்டு நிறுத்தினது நீங்க.”

“ஆமாம்மா.”

“போயிட்டு வாங்க,” என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

என் பக்கத்திலிருந்து அந்தப் பாராட்டுக் கட்டுரையை எடுத்தேன். நடந்ததை அதே இடத்தில் எழுதினேன். சிலர் திட்டினார்கள். சிலர், விதி என்று ஆறுதல் சொன்னார்கள். ஆறுதல்தான் அதிகம் வலித்தது. மூன்று மாதம் எந்த வண்டியையும் தொடவில்லை.

திரும்ப வேலைக்கு வந்தபோது ஃபாரத்தை மாற்றினேன். பிரேக்குக்கு இப்போது பதினோரு கட்டம். ஒவ்வொன்றிலும் நல்லது, கெட்டது என்பதற்குப் பக்கத்தில் “பார்க்கவில்லை” என்று மூன்றாவது ஒன்று. இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வண்டியை உங்களுக்குப் பிடித்துவிட்டால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள். பார்க்காததைப் பார்க்கவில்லை என்றே எழுதுங்கள். கஸ்டமர் முகம் சுளிப்பார், வேறு ஆளிடம் போவார். போகட்டும்.

7. பிறகு

போன வருஷம் பள்ளிக்கூடம் திறப்பதற்கு ஒரு மாதம் முன்னால் சாந்தியிடமிருந்து போன் வந்தது. பெர்ரியை அவரே நடத்தப் போவதாகச் சொன்னார். ஓட்ட அவருடைய தம்பி வருகிறார். தாமுவேயில் ஒரு ஜப்பான் வேன் பார்த்திருக்கிறார்கள்.

“நீங்க வந்து பாக்கணும்,” என்றார்.

“நான் வேண்டாம்மா. நல்ல ஆளா ரெண்டு பேர் சொல்றேன்.”

“அவங்க யாருக்கும் பயம் இருக்காது. உங்களுக்கு இருக்கும். மன்னிச்சுட்டேன்னு மட்டும் நெனச்சுக்காதீங்க.”

மறுநாள் காலை போனேன். அன்று மின்சாரம் இருந்தது. வேனை லிஃப்டில் ஏற்றி, சக்கரம் நான்கையும் கழற்றி, ஒவ்வொரு பைப்பையும் கையால் தடவிப் பார்த்தேன். இரண்டு மணி நேரம் ஆயிற்று. சாந்தி ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

ரிப்போர்ட்டை நீட்டினேன். அவர் அதை வாங்கவில்லை.

“பாக்காதது எது?” என்று கேட்டார்.

“பெட்ரோல் டேங்க்குக்கு மேல்பக்கம். அங்க ஒரு பைப் போகுது. டேங்க்க எறக்கினாத்தான் தெரியும்.”

“எறக்குங்க,” என்றார்.

ஸ்பேனரை எடுத்துக்கொண்டு மறுபடி வண்டிக்கு அடியில் போனேன்.