சாக்பீஸ் போட்ட ஒண்ணு

டைல்ஸ் கம்பெனியில் தரம் பார்க்கிறவர் அவர். பத்தொன்பது வருஷமாக அதே நாற்காலி, தலைக்கு மேலே அதே வெள்ளைக் குழல் விளக்கு. உருளைகள் மேல் டைல்ஸ் ஒவ்வொன்றாக ஊர்ந்து வரும். விரல் முட்டியால் ஒரு தட்டு, சாய்த்து வெளிச்சத்தில் ஒரு பார்வை, திருப்பிப் பின்பக்கம் சாக்பீஸால் ஓர் எண். கீறல், புள்ளி, கோணல் எதுவுமே இல்லையென்றால் ஒன்று. ஓரத்தில் லேசான குறை என்றால் இரண்டு. பீரோவுக்கு அடியில் போட்டு மறைக்கத்தான் லாயக்கு என்றால் மூன்று. அப்படியே இறங்கிக்கொண்டே போய், ஐந்து என்றால் உடைத்துத் திரும்ப அரைக்க வேண்டியதுதான்.

இந்தப் பழக்கம் வேலையோடு நின்றால் பரவாயில்லை. வீட்டுக்கும் வந்துவிட்டது! மகள் படம் வரைந்து நீட்டினால், திருப்பிப் பின்பக்கம் '1' என்று எழுதிக் கொடுப்பார். மனைவிக்கு வீட்டிலேயே தையல் வேலை. தைத்து முடித்த சட்டையை உதறிக் காட்டினால், "ஒண்ணு!" என்பார். ஒருநாள் அவர் முடிவெட்டிக்கொண்டு வந்து நின்றபோது மனைவி சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மூணு. பீரோவுக்கு அடியில போய்ப் படுங்க" என்றாராம்.

ஆறு வருஷமாக ஒரு பிளாக் வைத்திருக்கிறார். பேர் 'சாக்பீஸ்'. அதனால் எழுதுகிற கூட்டத்தில் எல்லோருக்கும் அவர் சாக்பீஸ்தான். மற்றவர்கள் எழுதியதைப் படித்து, வரிவரியாகத் தட்டிப் பார்த்துச் சொல்வார். முகத்துக்காக ஒரு வார்த்தை கூட்டிச் சொல்லமாட்டார். "இந்தப் பத்தி பளபளன்னு இருக்கு, தட்டினா சத்தமே வரல" என்று ஒருவருக்கு எழுதினார். அந்த ஆள் ஒரு மாசம் கோபித்துக்கொண்டு, பிறகு திரும்பி வந்து நன்றி சொன்னார்.

அதனால்தான் மருந்துக்கடைக்காரர் அவரை நடுவராகக் கூப்பிட்டார். இந்த மருந்துக்கடைக்காரரும் பிளாக் எழுதுகிறவர்தான். பன்னிரண்டு பேரைச் சேர்த்து ஒரு போட்டி ஆரம்பித்தார். வாரம் ஒரு தலைப்பு, வாரம் ஒருவர் வெளியே. நடுவர்கள் மூன்று பேர். கட்டுரைகள் பெயர் இல்லாமல் வெறும் எண்ணோடுதான் வரும். முடிவு வந்த பிறகுதான் எந்த எண் யாருடையது, எந்த நடுவர் என்ன போட்டார் என்பதெல்லாம் வெளியே தெரியும்.

முதல் ஏழு வாரம் ஒரு சிக்கலும் இல்லை. முதல் இடம் எது, இரண்டாம் இடம் எது என்று நடுவர்கள் போனில் வரிசைப்படுத்தி அனுப்புவார்கள். ஐந்து பேர் மிஞ்சியபோது மருந்துக்கடைக்காரர் முறையை மாற்றினார். சமநிலை வந்துவிடக் கூடாதாம். ஒரு ஃபார்ம் தயார் செய்து அனுப்பினார். கட்டுரைக்கு ஒரு கட்டம், கட்டத்துக்குப் பத்து மதிப்பெண். மேலே தெளிவாகத்தான் எழுதியிருந்தார்.

சாக்பீஸ் அதைச் சாப்பாட்டு இடைவேளையில், உருளைகள் பக்கத்தில் நின்றபடியே நிரப்பினார். ஐந்து கட்டுரைகளையும் அதற்கு முன்பே மூன்று தடவை படித்தாகிவிட்டது. தலைப்பு 'காத்திருப்பு'. அதில் நான்காம் எண் அவரை அப்படியே உட்காரவைத்துவிட்டது. ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் அறைக்கு வெளியே கிடக்கும் ஒரு நாற்காலியைப் பற்றியது. அதன் வலது கைப்பிடியில் மட்டும் பெயிண்ட் போயிருக்கிறது, ஏனென்றால் உட்காருகிறவர்கள் இடது கையில் போன் வைத்திருக்கிறார்கள், வலது கைதான் எதையாவது பிடித்துக்கொள்ளத் தேடுகிறது. அவ்வளவுதான் கட்டுரை! ஒரு பக்கம்கூட இல்லை. படித்துவிட்டு அவர் தன் வலது கையையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அனுப்பிவிட்டு, கை கழுவிவிட்டு, வேலைக்குத் திரும்பினார்.

சனிக்கிழமை காலை. அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தார். தையல் மெஷின் சத்தம் சட்டென்று நின்றது.

"ஏங்க, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"காலையிலேயே என்ன?"

"மூணாவது மாடியைத் தூக்கிட்டீங்களே!"

'மூணாவது மாடி' என்பது ஒரு பிளாக். ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில் படுக்கை விரிப்பு மாற்றுகிற பெண் எழுதுவது. மனைவி தைக்கும்போது மகள் அதைச் சத்தமாகப் படிப்பாள். இந்த வீட்டில் அந்த அம்மாவுக்கு இரண்டு ரசிகைகள்.

"அவங்க எழுதினது எது?" என்றார்.

"நாலாம் நம்பர். நாற்காலி."

பாலிஷ் துணி கையிலேயே நின்றது. "அதையா? அது எப்படிப் போகும்? நான் அதுக்கு ஒண்ணு போட்டேன்."

"ஆமா, ஒண்ணுதான் போட்டிருக்கீங்க. ஊரே பாக்குது. மத்த ரெண்டு பேரும் ஏழு போட்டிருக்காங்க, நீங்க ஒண்ணு!"

"அதான் சொல்றேன். ஒண்ணு."

"அதான் நானும் கேக்கறேன்! ஏன் ஒண்ணு?"

"நல்லா இருந்துச்சு, ஒண்ணு போட்டேன். இதுல என்ன..."

அங்கேயே நின்றுவிட்டார். மனைவியும் வாயைத் திறந்தபடி நின்றார். மேசையில் மகளின் படம் ஒன்று குப்புறக் கிடந்தது, பின்பக்கம் '1' என்று அவர் கையெழுத்து.

"அய்யய்யோ" என்றார் மனைவி, மிக மெதுவாக. "பத்துக்கு ஒண்ணா?"

அவர் ஷூவைக் கீழே வைத்தார். ஒரு காலில் சாக்ஸ், ஒரு காலில் இல்லை. போனை எடுத்து முடிவுப் பக்கத்தைப் பார்த்தார். 'மூணாவது மாடி' மொத்தம் பதினைந்து. அதற்கு மேலே 'ஒத்தைச் செருப்பு' என்கிற பிளாக், பதினாறு. ஒரே ஒரு மதிப்பெண். ஐந்தில் அவர் கடைசியாக வைத்த அந்தக் கட்டுரைக்கு அவர் கையிலிருந்தே ஐந்து மதிப்பெண் போய், அதைக் காப்பாற்றியிருக்கிறது.

கீழே 'மூணாவது மாடி' எழுதிய விடைபெறும் குறிப்பு இருந்தது. மகள்தான் படித்தாள். "இவ்ளோ நாள் வந்ததே பெரிசு. சாக்பீஸ் சார் சும்மா ஒரு வார்த்தை சொல்லமாட்டார்னு எல்லாருக்கும் தெரியும். அவரே ஒண்ணுன்னு சொல்லிட்டார்னா, நான் எழுதறது எழுத்தே இல்லைன்னு புரிஞ்சுக்கறேன். கோபமெல்லாம் இல்லை. நாளைக்கு சாயங்காலம் இந்தப் பக்கத்தை மூடிடறேன்."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "அப்பா, மூடிட்டா அப்புறம் எங்க படிக்கறது?"

அவர் மருந்துக்கடைக்காரரைப் போனில் கூப்பிட்டு, நடந்ததைச் சொன்னார்.

"சார், எனக்கும் லேசா உறுத்துச்சு. ஒண்ணுலேருந்து அஞ்சுக்குள்ளயே எல்லாம் போட்டிருக்கீங்க. சரி, நம்ம சாக்பீஸ் கை அப்படித்தானேன்னு விட்டுட்டேன்."

"திருப்பிக் கூட்டிப் பாருங்க."

அந்தப் பக்கம் யாரோ இருமல் மருந்து கேட்கிற சத்தம். கால்குலேட்டர் தட்டுகிற சத்தம். "ரெண்டாவது இடம் வருது சார் அந்தம்மா. வெளிய போகவேண்டியது ஒத்தைச் செருப்பு."

"அறிவிச்சிடுங்க."

"அவசரப்படாதீங்க. உங்க பேரு என்னாகறது? சிறப்பு வாய்ப்புன்னு சொல்லி அந்தம்மாவை உள்ள கூப்பிட்டுக்கலாம். அவரும் இருக்கட்டும், இவங்களும் இருக்கட்டும். யாருக்கும் தெரியவேண்டாம்."

எவ்வளவு சுலபம்! யாருக்கும் வலிக்காது. அவருக்கும் ஆசை வரத்தான் செய்தது. ஆறு வருஷமாகச் சேர்த்த பேர் அவருக்கு மட்டும் கசக்குமா?

ஆனால் டைல்ஸ் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் தரம் பார்த்தவரின் எண் போட்ட சீட்டு ஒன்று இருக்கும். தவறான தரம் போய்விட்டால், பெட்டி நேராக அவர் மேசைக்கே திரும்பி வரும். எல்லோரும் பார்க்க அவரே பிரித்து, அவரே பழைய எண்ணை அழித்து, அவரே புதிய எண் போடவேண்டும். அவருக்கு இரண்டு முறை அப்படி வந்திருக்கிறது. இரண்டு நாளும் சாப்பாடு இறங்கவில்லை.

"வேண்டாங்க" என்றார். "சிறப்பு வாய்ப்புன்னு கூப்பிட்டா, பாவம் பாத்துக் கூப்பிட்டாங்கன்னுதான் அவங்க நினைப்பாங்க. அந்த ஒண்ணு அப்படியே அவங்க மேல இருக்கும். அதை நான்தான் அழிக்கணும்."

"அப்போ ஒத்தைச் செருப்புகிட்ட யார் சொல்றது?"

"நம்பர் குடுங்க."

ஒத்தைச் செருப்பு பார்சல் வண்டி ஓட்டுகிறவர். சிரிக்கச் சிரிக்க எழுதுவார்.

"அண்ணே! நீங்களே கூப்பிடறீங்களா? அண்ணே, நீங்க எனக்கு அஞ்சு போட்டீங்கல்ல, அதுதான் நீங்க போட்டதுலேயே பெரிசு. போன் பண்ணி எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். வீட்ல கேக் வேற வெட்டிட்டோம்."

மனைவி தண்ணீர் டம்ளரை நீட்டினார். குடித்துவிட்டுச் சொன்னார். மறைக்காமல் முழுசாகச் சொன்னார்.

வண்டி இன்ஜின் சத்தம் நின்றது.

"அப்போ அந்த அஞ்சு... கடைசி இடமாண்ணே?"

"ஆமாப்பா. உங்க தப்பு எதுவும் இல்ல. என் தப்பு."

"உடைச்சு அரைக்கிற அஞ்சா? உங்க பிளாக்ல படிச்சிருக்கேன்."

"இந்த வாரம் மட்டும். காத்திருப்புக்கு நீங்க ஜோக்கா அடுக்கிட்டீங்க. மூணாவது வாரம் மழையில பார்சல் நனைஞ்சதை எழுதினீங்களே, அதுக்கு நான் ஒண்ணு வெச்சேன். முதல் இடம்."

அப்புறம் ஒரு பெருமூச்சு. "வயிறு எரியுதுண்ணே, இல்லைன்னு சொல்லமாட்டேன். ஆனா அந்த நாற்காலியை நானும் படிச்சேன். அதுக்கு முன்னாடி நான் நின்னா எனக்கே கூச்சமா இருக்கும். போட்டுடுங்க. கேக்கை மட்டும் திருப்பித் தரமுடியாது, தின்னாச்சு."

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாக்பீஸ் தன் பிளாக்கில் நீட்டி முழக்காமல், கம்பெனியின் திரும்பிய பெட்டிச் சீட்டு மாதிரியே எழுதினார். "திரும்பி வந்த கட்டுரை: நான்காம் எண், நாற்காலி. தரம் பார்த்தவர்: நான். நடந்த தவறு: மதிப்பெண் கேட்ட இடத்தில் தர எண் போட்டுவிட்டேன். எங்கள் கம்பெனியில் ஒன்று என்றால் குறையே இல்லாதது. எட்டு வாரத்தில் நான் படித்ததிலேயே குறை சொல்ல முடியாத ஒரே கட்டுரை இது. திருத்திய மதிப்பெண்: பத்து. இதனால் தப்பே செய்யாத ஒருவர் வெளியேறுகிறார். அவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன்."

கேலி வராமல் இருக்குமா? "கண்ணாடி மாத்துங்க சார்" என்று ஒருவர். "நடுவருக்கே ஒண்ணு" என்று இன்னொருவர். அவர் எதற்கும் பதில் எழுதவில்லை. மெஷின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து, மனைவி அறுத்துப்போட்ட நூல் துண்டுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். மணி நாலு, நாலரை, ஐந்து. மகள் அந்தப் பக்கத்தைத் திறந்து திறந்து பார்த்தாள். மூடவில்லை. இன்னும் மூடவில்லை.

ஐந்தரைக்கு 'மூணாவது மாடி'யின் பதில் வந்தது. டியூட்டி முடிந்துதான் போன் பார்த்தாராம்.

"நேத்து அந்த ஒண்ணைப் பார்த்து விரிப்பு அடுக்கற அறையில உக்காந்து அழுதேன் சார். இன்னிக்கும் அதே ஒண்ணைப் பார்த்துதான், அதே அறையில. ஆனா பத்து வேண்டாம். ஒண்ணுன்னே இருக்கட்டும்."

மகள் படித்து முடித்தபோது மனைவி மெஷினை மிதிக்காமலே மிதியில் காலை வைத்துக்கொண்டிருந்தார். சாக்பீஸ் எழுந்து கைகழுவப் போனார். குழாய் ரொம்ப நேரம் ஓடியது.

அடுத்த வாரம் 'மூணாவது மாடி' எழுதியது சுமார்தான். சாக்பீஸ் ஆறு போட்டார். பத்துக்கு ஆறு. அனுப்புவதற்கு முன் மகளைக் கூப்பிட்டு, ஃபார்மை இரண்டு தடவை சத்தமாகப் படிக்கச் சொன்னார்.