கொடியில் கிடந்த புடவை

நகரியில் அப்பா வீட்டிலிருந்து தம்பி போன் செய்தபோது, மதியம் பிள்ளைகளுக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தேன். "நைனா பூட்டாரு, அக்கா. பொழுது சாயறதுக்குள்ள எடுத்துடுவாங்க, ஒடனே வா."

பையை எடுத்ததும் கணவர் மறித்தார். "சாயங்காலம் மாட்ட யாரு கறப்பாங்க? உன்னத் தவிர யாரு தொட்டாலும் ஒதைக்குது. கறந்துட்டுப் போ."

மடி நிரம்பும்வரை அழுதுகொண்டே காத்திருந்தேன். கறந்துவிட்டு சத்தியவேட்டில் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது நைனாவை எடுத்துவிட்டிருந்தார்கள். முகத்தைப் பார்க்கவில்லை.

காரியம் முடிந்து திரும்பினால், கொட்டகையில் அவர் என் பழைய புடவையைச் சுற்றிக்கொண்டு கறக்கிறார். மாடு அசையாமல் நிற்கிறது.

"உன் வாசன இருந்தா நிக்குது. எங்கம்மா ஊருக்குப் பூட்டா நாங்க இப்டித்தான் கறப்போம்" என்று சிரித்தார்.

நைனா செத்த அன்றும் அந்தப் புடவை கொடியில்தான் கிடந்தது.