ஆற்றிய ஒயின்

பள்ளிபாளையத்தில் எங்கள் தறியில் நெய்த துண்டுகளை வாங்கும் இத்தாலிக்காரர், "கறியோடு குடியுங்கள்" என்று ஒரு பாட்டில் சிவப்பு ஒயின் தந்துவிட்டுப் போனார். ஞாயிறு மதியம் மனைவி மிளகாயும் தேங்காய்ச் சில்லும் போட்டுக் கோழி வறுத்தாள். ஒயினில் ஒரு வாய் குடித்ததும் நாக்கு துவர்த்துப்போனது. "கழனித்தண்ணியே தேவலை" என்று கத்தினேன்.

"பொறுங்க, ஆத்தித் தாரேன்" என்றவள், காபியைப்போல அதை டம்ளருக்கு டம்ளர் உயரத் தூக்கி ஆற்றினாள். ஜன்னல் வெயிலில் சிவப்பு நூல் நீண்டு நீண்டு இறங்கியது. நாவல்பழ வாசம் வீடெங்கும் மிதந்தது. மறுபடி ஒரு வாய் குடித்தபோது மிளகாய்க் காரத்தின்மேல் ஒயின் மெல்லப் படர, கண்கள் தானாகச் சொக்கின.

மாலையில் இத்தாலிக்காரர் போன் செய்தார். "கொஞ்ச நேரம் காற்றுப்பட வைத்துக் குடிக்கச் சொல்ல மறந்துவிட்டேன்" என்றார்.

"அதுகூடவா எங்களுக்குத் தெரியாது?" என்றேன். அடுப்படியில் அவள் சிரிப்பது கேட்டது.