நதியா எடுத்த முதுகுகள்

நதியாவின் கைக்குப் போன் வந்து நாலு வருஷம் ஆகிறது. அவள் ஊரான வேங்கைக்கொல்லைக்கு டவர் இன்னும் வரவில்லை. கேரளாவில் மிளகுத் தோட்டத்துக்கு வேலைக்குப் போன புருஷன் ரமேஷ், முகம் பார்த்துப் பேசலாமே என்று ஆசையாக வாங்கிக் கொடுத்துவிட்ட போன் அது. பேச வேண்டுமென்றால் ஊருக்கு மேலே இருக்கிற மொட்டைப்பாறைக்கு ஏறிப்போய், போனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கத்த வேண்டும். அந்தக் கத்தலுக்குப் போனே தேவையில்லை, கேரளாவுக்கு நேராகவே கேட்கும் என்று ஊரில் சிரித்தார்கள்.

பேசுவதற்கு ஆகாத போனை என்ன செய்வது? நதியா படம் எடுக்க ஆரம்பித்தாள். முதலில் பனியை எடுத்தாள். ஜவ்வாது மலையில் மார்கழிப் பனி எதிர்மலையை அப்படியே முழுங்கிவிடும், அதனால் படத்தில் ஒன்றுமே தெரியவில்லை. அந்த ஒன்றுமில்லாததே அவளுக்குப் பிடித்துப்போனது. பிறகு சாமைக் கதிர், பாயில் காயும் புளி, ரோட்டின் நட்டநடுவில் தூங்கும் நாய், அதற்காக ஹாரன் அடித்துக் களைத்துப்போன பஸ் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எடுத்தாள். மகளிர் குழுவோடு சென்னைக்குச் சாமை அரிசி விற்கப் போனபோது கடலை எடுத்துக்கொண்டு வந்தாள்.

அதைப் பார்த்த மங்கம்மாள் முகத்தைச் சுளித்தாள். மங்கம்மாள் ரமேஷுக்குச் சித்தி, பக்கத்து வீடு. "இவ்ளோ தூரம் போய்ட்டு ஆகாசத்தையும் தண்ணியையுமா எட்துக்கினு வந்த? ரெண்டும் இங்கயே கீதேடி."

மனிதர்களை எடுப்பதில்தான் சிக்கல். போனைத் தூக்கினால் போதும், அதுவரை சிரித்துக்கொண்டிருந்தவர்கள் விறைத்துவிடுவார்கள். கைகள் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்ளும், கண் நிலைகுத்தும், வாய் இறுகும். ஏதோ செய்யாத குற்றத்துக்குப் பிடிபட்டவர்கள்போல் நிற்பார்கள். "சும்மா இருங்களேன்" என்றால் மூச்சையும் நிறுத்திக்கொள்வார்கள். நதியா ஒரு வழி கண்டுபிடித்தாள். அவர்கள் அலுத்துப்போய்த் திரும்பும்வரை காத்திருந்து, திரும்பியதும் எடுத்தாள். முதுகு விறைப்பதில்லை. இப்படி அவள் போனில் ஊரே திரும்பி நின்றது.

மங்கம்மாளின் புருஷன் கருப்பன் போன வருஷம் ஆடி மாதத்தில், மதியம் கூழ் குடித்துவிட்டுப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. வயதாகியிருந்தது, நோய் நொடி இல்லாமல் போனார் என்று ஊர் ஆறுதல் பட்டுக்கொண்டது. போளூரில் அரிசி மில்லில் வேலை பார்க்கும் மகன் பிரகாஷ், காரியத்துக்குக் கண்ணீர் அஞ்சலி பேனர் வைத்தே தீருவேன் என்றான். அதற்குப் போட்டோ வேண்டும். வீட்டை அலசியதில் கிடைத்தது ஆதார் அட்டை மட்டும். அதில் கருப்பன் தும்மலுக்கு முந்தைய நிலையில் இருந்தார்.

"அண்ணி, உங்க போன்ல அப்பா இல்லாமலா பூடுவாரு?" என்று பிரகாஷ் ஓடி வந்தான்.

இருந்தார். நிறையவே இருந்தார். எல்லாம் முதுகு. அதில் ஒன்று நல்ல படம். தலையில் துண்டு, பின்னால் கட்டிய கையில் அரிவாள், வலது தோள் கொஞ்சம் இறங்கியிருக்க, சாமைக் கொல்லையின் ஓரத்தில் நின்று எதிர்மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரகாஷ் அந்தப் படத்தோடு போளூருக்கு ஓடினான். பிளக்ஸ் கடை வைத்திருந்த சதீஸ்குமார் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான், சிறிதாக்கிப் பார்த்தான், போனையே திருப்பியும் பார்த்தான்.

"மூஞ்சி எங்கண்ணே?"

"அந்தப் பக்கம் கீது."

"பரவால்ல. ஏஐ-ல போட்டா அதுவே திருப்பிக் குட்த்துடும். ஜாடை மட்டும் சொல்லுங்க."

பிரகாஷ் ஜாடை சொன்னான். நல்ல மனிதர் என்றான், மீசை உண்டு என்றான். அதற்கு மேல் அழுகை வந்துவிட்டது.

காரியத்துக்கு முதல் நாள் பேனர் வந்தது. மேகம், புறா, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. நடுவில் வெள்ளைச் சட்டை, தங்கச் செயின், நெற்றியில் மூன்று பட்டை விபூதியோடு, கொழுத்த கன்னங்களுடன் ஒருவர் விறைப்பாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே பெரிய எழுத்தில் கருப்பன் என்று போட்டிருந்தது.

மங்கம்மாள் வெளியே வந்து பார்த்தாள். சட்டென்று முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள்.

"எவன்டா இவன்? என் வூட்டு வாசல்ல இன்னா வேல இவனுக்கு?"

"அப்பாதாம்மா. கம்ப்யூட்டர்ல திருப்பிப் போட்டுக்கீது."

"உங்கப்பனைக் கட்டிக்கினு இத்தினி வருசம் குடும்பம் பண்ணது நானா, கம்ப்யூட்டரா? வேத்து ஆம்பள மூஞ்சியப் பாத்து நான் எப்பிடிடா அழறது? அந்த ஆள உள்ள போவச் சொல்லு, இல்ல நான் உள்ள போறேன்."

பேனரை உள்ளே போகச் சொல்ல முடியாது. மங்கம்மாள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உறவுக்காரர்கள் பேசிப் பார்த்தார்கள். புருஷன் செத்த துக்கத்தைவிட, அந்த ஆள் முறைத்துக்கொண்டிருக்கிற அவமானம் அவளுக்குப் பெரிதாக இருந்தது. கடைசியில் நதியாதான் ஜன்னல் பக்கமாகப் போய், "அத்தை, மாமா முதுகையே போட்டுடலாமா?" என்றாள்.

மங்கம்மாள் ஜன்னலைத் திறந்தாள். "போடு. அதுவாச்சும் அவரோடது."

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் புது பேனர் வந்து சேர்ந்தது. அதே மேகம், அதே புறா, நடுவில் கருப்பனின் முதுகு. இந்தக் கூத்தைப் பார்த்து யாராவது சிரித்துவிடுவார்களோ என்று நதியா வருகிறவர்களின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதலில் வந்தவர் அருணகிரி, ஊரின் வார்டு மெம்பர், கருப்பனோடு சின்ன வயதிலிருந்து மாடு மேய்த்தவர். பேனருக்கு முன்னால் நின்றார். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தார். பிறகு, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல், "டேய் கருப்பா, திரும்புடா" என்றார். அவ்வளவுதான். கூட்டம் முழுக்க உடைந்து அழுதது. மங்கம்மாள் வெளியே ஓடி வந்து, அந்த இறங்கிய தோளில் கை வைத்துக்கொண்டு, எத்தனை தரம் சொல்லியும் கேட்காமல் விறகுக் கட்டை ஒரே தோளில் தூக்கியதைப் பற்றி ஒப்பாரி வைத்தாள்.

அன்றிலிருந்து நதியாவுக்கு மவுசு வந்துவிட்டது. அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஆட்கள் வந்து, வணக்கம் சொல்லிவிட்டு, திரும்பி நின்றார்கள். காதுகுத்துக்கு முதுகு, நிச்சயதார்த்தத்துக்கு முதுகு. பொங்கல் வாழ்த்துப் பேனருக்கு அருணகிரியும் முதுகையே கேட்டார்.

"வேணாம் மாமா. மெம்பரு மக்களுக்கு முதுகு காட்றாருன்னு பேசுவாங்க" என்றாள் நதியா.

"மூஞ்சியக் காட்டினா மட்டும் பேசாமயா கீறாங்க?" என்றார் அவர். பேனர் வைத்தார்.

இதற்கிடையில் அந்த முதல் பேனரை மங்கம்மாள் வீணாக்கவில்லை. நல்ல கெட்டி பிளக்ஸ். நதியாவின் ஆட்டுப் பட்டிக்குக் கூரையாகப் போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டாள். பெயர் இருந்த பக்கம் உள்ளே மடிந்துபோக, வெளியே குத்துவிளக்கும் கண்ணீர் அஞ்சலியும் கொழுத்த கன்னமும் மட்டும் தெரிந்தன.

தை மாதம் கிடா வாங்க வந்த வியாபாரி ஒருவர் பட்டியைப் பார்த்துத் திடுக்கிட்டார். வாயில் அடித்துக்கொண்டு, ஒரு படம் எடுத்துக்கொண்டு, ஆடு விலை பேசாமலே இறங்கிப் போய்விட்டார்.

அடுத்த இரண்டாவது நாள், தங்கச் செயினும் வெள்ளைச் சட்டையும் மூன்று பட்டை விபூதியுமாக அந்த முகம் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தது. வழியில் தண்ணீர்க் குடத்தோடு வந்த ஊர்க்காரப் பெண் புவனா குடத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். மங்கம்மாள் மறுபடியும் முந்தானையைப் போர்த்திக்கொண்டு, "தோ, அந்த ஆளு வந்துட்டான். அன்னிக்கே சொன்னேன்" என்றாள்.

"இங்க யாருங்க என்னைச் சாவடிச்சது?" என்று கேட்டார் வந்தவர்.

அவர் பெயர் பாண்டுரங்கன். ஒடுகத்தூரில் மல்லாட்டை மண்டி வைத்து, நிலக்கடலை வியாபாரம் செய்பவர். ஒருமுறை கோயில் கும்பாபிஷேகத்துக்கு 'வருக வருக' என்று போட்ட பேனரில் அவர் முகம் இருந்தது. சதீஸ்குமாரின் கம்ப்யூட்டர் கருப்பனைத் திருப்ப மறுத்துவிடவே, அவன் பழைய பேனர்களைத் துழாவி, மீசை வைத்த நல்ல மனிதர் ஒருவரை எடுத்து ஒட்டியிருக்கிறான்.

நடந்ததை அவர் நதியா வீட்டு வாசலில் உட்கார்ந்து, மோரைக் குடித்துக்கொண்டே சொன்னார். வியாபாரிகள் வாட்ஸ்அப் குழுவில் 'அண்ணன் காலமானார்' என்று செய்தி வந்திருக்கிறது. யார் என்று பார்க்காமல் இவரும் அவசரத்தில் இரண்டு கைகூப்பும் படத்தைப் போட்டுவிட்டார். அதற்குப் பிறகுதான் போட்டோவைப் பார்த்தார். 'நான் உசுரோட கீறேன்' என்று எழுதினார். 'அண்ணன் போனை வைத்திருப்பவர், உடலை எடுக்கும் நேரத்தைச் சொல்லவும்' என்று பதில் வந்தது. உள்ளூர்க்காரர்கள் நேரில் பார்த்து நம்பிவிட்டார்கள். வேலூர், ஆம்பூர், சித்தூர் ஆட்களுக்குப் போன் போட்டால், செத்தவர் நம்பரிலிருந்து வருகிறதே என்று யாரும் எடுக்கவில்லை. கடையில் நின்று படம் எடுத்துப் போட்டார். பழைய படம் என்றார்கள். சித்தூரிலிருந்து மனைவி சகுந்தலாவின் சொந்தக்காரர்கள் மாலையோடு வேனில் கிளம்பிவிட்டார்கள்.

"அதனால அந்தப் பேனரு பக்கத்துலயே நான் நிக்கறேன். நீ ஒரு போட்டோ எடும்மா. செத்தவனும் நானும் ஒண்ணா நின்னா நம்பித்தானே ஆவணும்?"

நதியா அவரைப் பட்டிக்குக் கூட்டிப் போனாள். பேனருக்குப் பக்கத்தில் நின்றார். போனைத் தூக்கினாள். கை பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டது, கண் நிலைகுத்தியது, வாய் இறுகியது. எடுத்துக் காட்டினாள். படத்தில் இரண்டு கண்ணீர் அஞ்சலிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன.

"கொஞ்சம் சிரிங்க" என்றாள். சிரித்தார். முன்னதைவிட மோசமாகப் போய்விட்டது. கையை ஆட்டச் சொன்னாள். போய் வருகிறேன் என்று விடைபெறுவதுபோல் இருந்தது. உட்காரச் சொன்னாள், கண்ணை மூடிக்கொண்டார். மங்கம்மாள் வேலி ஓரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "பாவம், நெஜமாவே செத்துட்டாரு போல" என்று சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் நதியாவின் வெள்ளாடு ஒன்று, புது வேட்டியின் சரிகை மினுக்குக்கு வந்து நுனியைக் கடித்தது. பாண்டுரங்கன் குனிந்து பார்த்தார். ஆடு இழுத்தது. அவர் இழுத்தார். மற்ற ஆடுகளும் வேடிக்கை பார்க்க வந்தன. வேட்டி ஆட்டோடு போய்விட்டது. கட்டம் போட்ட அரை டிராயரோடு, "ஏய், பட்டு வேட்டிடி, பட்டு வேட்டி!" என்று அலறிக்கொண்டு, செயின் தோளுக்குப் பறக்க, வாய் காதுவரை திறக்க, அவர் சரிவில் இறங்கி ஓடி, ஆடு திரும்பியதும் அதன் பின்னாலேயே நதியாவை நோக்கி ஓடி வந்தார். நதியா எடுத்தாள். பின்னால் முழு எதிர்மலையும் வெயிலில் தெளிவாக விழுந்தது. ஒரு மனிதரின் முகம் அவள் போனில் அசைவோடு விழுந்தது அன்றுதான் முதல் தடவை.

"இதயா போடறது?" என்று மூச்சு வாங்கக் கேட்டார்.

"இதுலதாங்க உசுரு கீது" என்றாள்.

வேன் சித்தூரைத் தாண்டியிருக்கும் என்று யோசித்தார். மங்கம்மாள் கொடுத்த கருப்பனின் பழைய வேட்டியைச் சுற்றிக்கொண்டு நதியாவோடு மொட்டைப்பாறைக்கு ஏறினார். அவள் போனிலிருந்து அவர் போனுக்கும், அங்கிருந்து குழுவுக்கும் படம் மெதுவாகப் போய்ச் சேர்ந்தது. கொஞ்ச நேரத்தில் போன் அடிக்க ஆரம்பித்து நிற்கவேயில்லை. வேலூர் அழுதுகொண்டே சிரித்தது. ஆம்பூர் சிரித்துக்கொண்டே அழுதது. கடைசியாக சகுந்தலாவின் குரல் பாறை முழுக்கக் கேட்டது.

"இன்னாங்க, பட்டு வேட்டி எங்க?"

அன்று மங்கம்மாள் வீட்டில்தான் அவருக்குச் சாப்பாடு. சாமைச் சோறும் கொள்ளுக் குழம்பும் போட்டாள். பரிமாறும்போது முந்தானையை இறக்கிவிட்டிருந்தாள். "நேர்ல அவ்ளோ மோசமில்ல" என்று நதியாவின் காதில் சொன்னாள்.

சித்திரையில் பாண்டுரங்கனின் மகன் ரஞ்சித்குமாருக்கு ஒடுகத்தூரில் கல்யாணம். படம் எடுக்க நதியாதான் வர வேண்டும் என்று பிடிவாதமாகக் கூப்பிட்டார். அவளும் போனாள். நாற்காலிக்கு அடியில் தூங்கும் குழந்தைகள், மண்டப வாசலில் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் செருப்புகள், சாம்பார் அண்டாவின் ஆவிக்குள் மறைந்துபோன சமையல்காரர், தாலி கட்டும் நேரத்தில் கைகழுவப் போன மாமா என்று எடுத்துத் தள்ளினாள். சகுந்தலா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "எல்லாம் நல்லா கீதும்மா. பொண்ணு மாப்பிள்ள எதுல கீறாங்க?" என்று கேட்டாள். தேடியதில் ஒரு ஓரத்தில் மாப்பிள்ளையின் முழங்கை கிடைத்தது.

மறுநாள், வெற்றிலை பாக்குப் பையும் மங்கம்மாளுக்கென்று சகுந்தலா கட்டிக்கொடுத்த லட்டுமாக, நதியா மலைக்குத் திரும்பும் பஸ்ஸில் ஏறினாள். பாதி மலையில் ஒரு திருப்பத்தில் டிரைவர் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தினார். மழை பெய்து ஓய்ந்த நேரம். கீழே வயல்கள், நடுவில் வெயில், மேலே பாதி மலையை மூடிய மேகம், அதற்கு முன்னால் மூடி திறந்து ஆவி பறக்கும் சிவப்பு பஸ். நதியா இறங்கினாள். கொஞ்சம் பின்னால் போனாள், பஸ் முழுசாக வரவில்லை. இன்னும் கொஞ்சம் பின்னால் போனாள். ஒரு கல்லின்மேல் ஏறினாள்.

கண்டக்டர் விசில் அடித்தார். பஸ் நகர்ந்தது. "நிறுத்துங்க" என்று கத்தத்தான் வாயைத் திறந்தாள். அதற்குள் பஸ் வளைவில் சாய்ந்து, மேகத்துக்குள் மூக்கை நுழைத்தது. அதைப் பார்த்ததும் அவள் கத்தவில்லை, போனைத் தூக்கினாள்.

அடுத்த பஸ் சாயங்காலம்தான். பையும் லட்டும் அந்த பஸ்ஸிலேயே போய்விட்டன. நதியா கல்லின்மேல் உட்கார்ந்து, படம் சரியாக வந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நன்றாகவே வந்திருந்தது.