விட்டு விட்டுக் கேட்ட குரல்

என் பிழைப்பே காதை நம்பித்தான். கடல் கரையை அரித்துக்கொண்டு உள்ளே வந்ததைப் பற்றி மீனவர்கள் சொல்வதைப் பதிவு செய்கிற ஒரு சின்ன அமைப்பு, பதிவுகளை எனக்கு அனுப்பும். கூடுவாஞ்சேரியில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டிக்கொண்டு, கேட்டதைக் கேட்டபடியே தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவேன். ஒரு சொல்லைக்கூட மாற்றக் கூடாது. இலக்கணம் திருத்தக் கூடாது. அதுதான் ஒப்பந்தம்.

அந்த வருடம் மழை ஓய்ந்த சமயத்தில் லேப்டாப் படுத்த ஆரம்பித்தது. முதலில் சத்தத்தில்தான் கோளாறு. நெம்மேலிப் பக்கத்து அம்மா ஒருத்தி "அப்போ அலை ஏறி" என்று சொன்னால் எனக்கு "அப்-அப்-அப்போ" என்று கேட்கும். நடுவில் தகரத்தைக் கீறுவது மாதிரி ஒரு கொர்ர்ர். நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி போட்டால் அந்த இடம் சரியாக இருக்கும், அடுத்த வாக்கியம் உடையும். பிறகு ஒரு நாள் திரை மொத்தமும் நீலமாகி, தானே அணைந்து தானே எழுந்தது. சேமிக்காமல் விட்ட பக்கங்கள் போய்விட்டன. அதற்கப்புறம் அது வழக்கமாகிப்போனது. சோறு வடிக்கப் போய்த் திரும்பினால் நீலம். கதவைத் திறந்து கீரைக்காரியிடம் பேசிவிட்டுத் திரும்பினால் நீலம்.

ஜி.எஸ்.டி. சாலையில் இருக்கிற ரிப்பேர் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கடைக்காரர் பின்பக்கத்தைக் கழற்றி ஊதினார்.

"சூடாவுது மேடம். ஃபேன்ல தூசி அடச்சிகினு கீது. அவ்ளோதான்."

வீட்டுக்கு வந்து போட்டேன். அதே கொர்ர்ர். மறுபடி போனேன். "ஃபார்மட் அடிச்சுரலாம், புதுசு மாதிரி ஆயிரும்" என்றார். அடித்தார். ஒரு நாள் பொழுது நன்றாக இருந்தது. மறுநாள் காலையில் எதையோ தானாகவே இறக்கிப் புதுப்பித்துக்கொண்டது. மதியத்துக்குள் நெம்மேலி அம்மா மறுபடி உடைந்து உடைந்து பேசினாள். மூன்றாவது முறை கடைவாசலில் நின்றபோது அவருக்கும் என் முகத்தைப் பார்க்கச் சலிப்பாகத்தான் இருந்திருக்கும். "இன்னா மேடம், மறுபடியுமா" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு திரும்பி நடந்தேன்.

என் தம்பி வேலூரில் ஒரு கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்கிறான். அவனை ஃபோனில் பிடித்தேன்.

"அக்கா, மொதல்ல வைஃபைய ஆஃப் பண்ணிட்டு அதே ஆடியோவ ஓட்டு."

ஆஃப் செய்தேன். குரல் தெளிந்த தண்ணீர் மாதிரி ஓடியது. எனக்கு நம்பிக்கையே வரவில்லை.

"இப்போ ஆன் பண்ணு."

கொர்ர்ர்.

"ஸ்பீக்கர் மேல தப்பே இல்ல. வைஃபையோட டிரைவர்தான் வில்லன்" என்றான். டிரைவர் என்றால் என்ன என்று கேட்டேன். உள்ளே இருக்கிற ஒவ்வொரு உறுப்பையும் வேலை வாங்குகிற சின்ன புரோகிராம் என்றான். "உன் வைஃபையோடது பிராசஸரப் புடிச்சா விட மாட்டேங்குது. அது விடற வரைக்கும் சத்தம் காத்துகினு நிக்குது. ரொம்ப நேரம் புடிச்சா மெஷினே படுத்துருது. கடைக்காரர் ஃபார்மட் பண்ணாலும், அப்டேட் வந்து அதே டிரைவரத் திரும்பப் போட்டுருது. அதான் சுத்தி சுத்தி வருது."

அவன் சொல்லச் சொல்ல அந்த டிரைவரை நீக்கினேன். லேப்டாப் கம்பெனியின் இணையப் பக்கத்திலிருந்து பழையதைத் தேடி எடுத்துப் போட்டேன். அப்டேட் அதைத் தொடாதபடி செட்டிங்ஸில் ஒரு இடத்தில் தடுத்து வைத்தோம். எல்லாம் முடிவதற்குள் இரண்டு பேருக்கும் தொண்டை வறண்டுவிட்டது. "அக்கா, நல்லா இருந்தா ஃபோன் பண்ணாத, இல்லன்னா பண்ணு" என்று சொல்லி வைத்தான். நான் பண்ணவில்லை. நீலம் வரவில்லை. சத்தம் உடையவில்லை. தேங்கிக் கிடந்த பதிவுகளை வரிசையாக முடித்தேன்.

அப்போதுதான் சதுரங்கப்பட்டினத்துப் பெரியவரின் பதிவு வந்தது.

"எ-எ-எங்க வூடு கோ-கோ-கோட்டப் பக்கம்" என்று தொடங்கியது. ஹெட்போனைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருந்தேன். அழுகை வருகிற மாதிரி இருந்தது, ஆனால் அதற்கும் தெம்பு இல்லை. மறுபடியும் டிரைவரை நீக்கினேன், போட்டேன். வைஃபையை அணைத்தேன். ஆடியோ டிரைவரையும் நீக்கிப் போட்டேன். இரண்டு நாள் வேறு எந்த வேலையும் ஓடவில்லை. பெரியவர் எதற்கும் அசைந்துகொடுக்கவில்லை. கடைசியில் தம்பியைக் கூப்பிட்டேன்.

"அதே ஃபைல உன் ஃபோன்ல போட்டுப் பாத்தியா?" என்றான்.

போட்டேன். ஃபோனிலும் அதே "கோ-கோ-கோட்ட". அதே இடத்தில், அதே எண்ணிக்கையில். அப்படியென்றால் பதிவே கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்து, அமைப்பிலிருந்து போய் அதைப் பதிவு செய்து வந்த பெண்ணிடம் ஃபோனில் கேட்டேன். அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"பதிவு நல்லாதான் இருக்கு மேடம். அவருக்குத் திக்குவாய்."

ஃபோனை வைத்த பிறகு மீண்டும் முதலிலிருந்து கேட்டேன். இந்த முறை எதையும் சரிசெய்யும் நினைப்பில்லாமல் கேட்டேன். அது இயந்திரத்தின் உடைசலே இல்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் முன்னால் ஒரு மூச்சு இருந்தது. சொல் வந்து விழுந்ததும் ஒரு சின்ன நிம்மதி இருந்தது. இரண்டு நாளாக ஒரு மனிதரை நான் நீக்கி நீக்கிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரே ஒரு இடம் மட்டும் பிடிபடவில்லை. கடல் அவர்கள் வீட்டை எடுத்த நாளைச் சொல்லிக்கொண்டு வருகிறார். எல்லோரும் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். "நா-நான் மட்டும் திரும்பி ஓடுனேன். க-க-க" என்கிறார். சரியாக அங்கே படகு இன்ஜின் ஒன்று உறுமிக்கொண்டு போகிறது. இன்ஜின் ஓய்ந்ததும் வேறு பேச்சு. 'தெளிவில்லை' என்று போட்டுவிட்டு நகரலாம், அனுமதி உண்டு. எனக்கு மனசு வரவில்லை. அந்தப் பெண்ணிடம் வழி கேட்டுக்கொண்டு, ரயிலில் செங்கல்பட்டு போய், திருக்கழுக்குன்றம் வழியாகப் போகிற பஸ்ஸில் ஏறினேன். உட்கார இடம் கிடைக்கவில்லை.

கடலுக்குத் தள்ளிக் கட்டிக்கொடுத்த காலனி வீடுகளில் ஒன்றில் அவர் இருந்தார். வாசலில் நிழல் பார்த்து உட்கார்ந்து வலை பிரித்துக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து அவர் மனைவி வந்தார். நான் யார், எதற்கு வந்தேன் என்று சொன்னேன். ஃபோனில் அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன்.

"இதுக்கா அவ்ளோ தூரத்துலேர்ந்து வந்த?" என்றார் அந்த அம்மா. "நான் சொல்றேன் கேளு, இவரு இன்னா பண்ணாரு தெரியுமா..."

பெரியவர் வலையைக் கீழே போட்டார். "நா-நான் சொல்லிகினு கீறேன் இல்ல?"

அம்மா வாயை மூடிக்கொண்டார். அவர் மூச்சை இழுத்தார். கழுத்து நரம்பு புடைத்தது. அடுத்த வீட்டு ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாய் வந்து என் செருப்பை மோந்துவிட்டுப் போனது.

"க-க-க-கதவு" என்றார்.

நான் புரியாமல் பார்த்திருப்பேன் போல. அவரே சொன்னார். அப்போதுதான் வீட்டுக்கு முதன்முதலாகத் தேக்குக் கதவு போட்டிருந்தாராம். அதுவரை ஓலைத் தட்டிதான். மாட்டி ஒரு மாசம்கூட ஆகவில்லை. தண்ணீர் முழங்காலுக்கு ஏறும்போது திரும்பி ஓடி, கீலைக் கழற்றி, கதவைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்தாராம். இதைச் சொல்லி முடிக்க வெகுநேரம் ஆனது. நான் ஒரு சொல்லையும் எடுத்துக்கொடுக்கவில்லை.

"பாத்திரம் பண்டம் எல்லாம் போச்சு. ரேசன் கார்டு போச்சு. இவரு கதவத் தூக்கினு வராரு" என்று இப்போது அம்மா சிரித்தார். "இந்த வூட்டு நெலைக்கு அது சேரவும் இல்ல. பெருசாப் பூடுச்சு."

பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். செங்கல் அடுக்கின்மேல் கதவு படுத்திருந்தது. அதன்மேல் நெத்திலி காய்ந்துகொண்டிருந்தது. கீல் இருந்த இடத்தில் ஆணி ஓட்டைகள்.

கிளம்பும்போது பெரியவர் கேட்டார். "நா-நான் திக்குறதயும் எ-எழுதுவியா?"

"பேசினபடியே எழுதணும்னு சொல்லியிருக்காங்க ஐயா. வேணாம்னா அவங்களக் கேட்டு எடுத்துடறேன்."

கீழே கிடந்த வலையை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். "எ-எழுது. அப்டிதான பேசறேன்."

பஸ்ஸில் திரும்பும்போது ஜன்னலோரம் இடம் கிடைத்தது. உப்புக்காற்றில் முடி கயிறாகிவிட்டது. கால் இரண்டும் கனத்தன.

மறுநாள் காலையில் பதிவை முதலிலிருந்து போட்டு, ஒவ்வொரு 'க'வையும் எண்ணி எண்ணித் தட்டினேன். மற்ற பதிவுகளைவிட இரு மடங்கு நேரம் பிடித்தது. இன்ஜின் உறுமுகிற இடத்தில், பேசியவரிடமே கேட்டு எழுதியது என்று ஒரு குறிப்புப் போட்டேன். அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று ஒரு வரி பதில் வந்தது. வேறொன்றும் இல்லை. லேப்டாப்பை மூடினேன். மதியச் சாப்பாடு ஆனதும் தரையிலேயே தலையணை போட்டுப் படுத்தேன். சாயங்காலம் பால்காரர் மணி அடிக்கிற வரைக்கும் தூங்கிவிட்டேன்.